இறங்காத கொடி

பாரிவாக்கம் தாண்டி உள்ளே போகும் ரோட்டில், அடுக்குமாடிகள் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த ஏரி. அதன் கரையில் மதிவதனி நட்ட இரும்புக் கம்பத்துக்கு இப்போது கொடியம்மன் என்று பெயர். நட்டபோது அதற்குப் பெயர் எதுவும் இல்லை. உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி, அதற்குக் கீழே ஒரு கப்பி, கயிறு, கொடி. பச்சை ஏறினால் புதிதாகக் கற்பவர்களும் தண்ணீரில் இறங்கலாம். மஞ்சள் என்றால் பழகியவர்கள் மட்டும். சிவப்பு ஏறினால் எல்லோரும் கரைக்கு வந்துவிட வேண்டும். ஒரு கம்பம் மனிதர்களிடம் இவ்வளவு தெளிவாகப் பேசுவது அபூர்வம். அதனால்தானோ என்னவோ, நம் ஜனங்கள் சீக்கிரமே அதன் வாயை மூடிவிட்டார்கள்.

மதியின் வீடு ஏரிக்குக் கீழே, கழனியாக இருந்து மனையாகிப்போன நிலத்தின் ஓரத்தில். அப்பா முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டினார். நுரையீரல் கெட்டு மதி கல்லூரியில் இருந்தபோதே போய்ச் சேர்ந்தார். அம்மா வேம்புலியம்மாள் எதிர் அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங். அவர்களுக்கு முந்தைய தலைமுறை அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டது. தண்ணீர் மட்டும் அவர்களுடையதாக இருந்ததில்லை. ஊர்த்தெருக்காரர்கள் குளிக்கும் துறைப்பக்கம் தன் தெருப் பெண்கள் குடத்தோடு போனால் கிடைத்த வசவுகளை வேம்புலியம்மாள் இன்றும் ஒன்று விடாமல் சொல்வாள்.

அந்த ஏரியின் நடுவில் ஒரு மனிதன் பலகைமேல் நின்றபடி, கையில் ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு சறுக்கிப்போவதை ஒருநாள் மதி பார்த்தாள். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை. வெறும் காற்று. அப்போது அவள் டிகிரி முடித்துவிட்டு மேனாம்பேட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வாரவிடுமுறை அன்று கரையில் போய் நின்றாள். அடுத்த வாரமும் நின்றாள். பலகைக்காரனே கரைக்கு வந்து பேசினான்.

அவன் பிரசன்னா. கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஏரியில் விண்ட்சர்ஃபிங் கிளப் தொடங்க அனுமதி வாங்கியிருந்தான். தெருவில் அந்தப் பாய்ப்பலகைக்குக் காத்தாடி போட்டு என்று பெயர் விழுந்தது; படகு அவர்கள் வாயில் போட்டு. மதி "சார்" என்று கூப்பிட்டதும் அவன் சிரித்தான்.

"சாரெல்லாம் வேண்டாம்மா. அண்ணான்னு கூப்புடு. ஏறிப் பாக்கறியா?"

"நானா? எங்க தெருவுல யாரும் இந்த ஏரியில..."

"காத்துக்குச் சாதி கெடையாது மதி. உன்னையும் தள்ளும், கலெக்டர் பொண்ணையும் தள்ளும். பயந்தா ரெண்டு பேருமே விழுவீங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் அவனை நம்பினாள். படித்தவன், வெளியூர்க்காரன், சாமி பூதம் என்று எதையும் இழுக்காதவன். தண்ணீரில் கிடக்கும் பாயைத் தூக்கி நிறுத்தவே முதலில் முதுகு போயிற்று. உள்ளங்கை கொப்புளித்தது. பிறகு ஒரு பிற்பகலில் பாய் தானாக நிரம்பி, பலகை அவளை இழுத்துக்கொண்டு ஊர்த்தெருத் துறையைத் தாண்டி ஓடியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வசவு எதுவும் வரவில்லை. வாயைப் பிளந்து பார்த்தார்கள். சில வருஷங்களில் அவள் சான்றிதழ் வாங்கி, அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் ஆனாள். கரையில் கம்பம் நட்டதும், யார் எப்போது தண்ணீரில் இறங்கலாம் என்று முடிவுசெய்ததும் அவள்தான்.

இங்கே காற்று சுலபமான ஆள் இல்லை. கோடையில் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் கடல்காற்று வரும். மெரினாவில் அது வந்து வெகுநேரம் கழித்துத்தான் இந்தப் பக்கம் எட்டும். வரும் வழியில் வெந்த ரோடுகளும் கட்டடங்களும் அதன் பாதி உயிரைக் குடித்திருக்கும். ஆனாலும் சீரான காற்று, பழகுவதற்கு நல்ல காற்று. ஆனி, ஆடியில் கதை வேறு. காலையெல்லாம் அனலாக மேல்காற்று அடிக்கும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து அதோடு முட்டும். முட்டிய இடத்தில் மேகம் கிளம்பும். திருவள்ளூர்ப் பக்கம் கறுத்தால், கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் இங்கே தகரம் பறக்கும். பறப்பதற்கு முன் கொஞ்சநேரம் காற்று செத்துப்போகும். பாய் துவண்டு தொங்கும். புதிதாக வந்தவர்கள் "இன்னைக்குக் காத்தே இல்ல" என்று அலுத்துக்கொண்டு அங்கேயே மிதப்பார்கள். ஆபத்து அந்த அலுப்பில்தான் இருக்கிறது. சிவப்புக் கொடி அதற்காகத்தான்.

கடையில் வாங்கிய சிவப்புத் துணி மேல்காற்றில் நார்நாராகக் கிழிந்தது. மதி அம்மாவிடம் கெட்டித் துணி கேட்டாள். வேம்புலியம்மாள் பீரோவிலிருந்து, ஆடி விரதத்துக்குக் கட்டும் சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் கரை போட்ட, சாயம் போகாத சேலை.

"கிழிஞ்சிடப் போவுதுடி, சாமி பொடவ."

"கிழிஞ்சா காத்துலதாம்மா கிழியும். உன் சாமி கோச்சிக்காது."

மதி அதை மடித்து, ஓரம் அடித்துக் கொடியாகத் தைத்தாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான். துணி வெறும் துணிதான் என்று நினைத்துவிட்டாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு மாலை மேற்கே கறுத்தது. மதி சிவப்பை ஏற்றி விசில் ஊதினாள். பலகைக்காரர்கள் கரையேறினார்கள். என்னவோ ஏதோவென்று துறையில் இருந்த பெண்களும், வலை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் கரையேறினார்கள். கடைசி ஆள் ஏறி முடிப்பதற்குள் காற்று வந்து அடித்தது. கரையோரப் புங்கமரம் அடியோடு சாய்ந்து, கொஞ்சநேரம் முன்பு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்த கல்லின்மேல் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் காலை கம்பத்தின் அடியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

மதிக்குச் சிரிப்பு வந்தது. மேகத்தைப் பார்த்தது தன் கண், கயிற்றை இழுத்தது தன் கை, பெயர் மட்டும் சேலைக்கு! சொன்னபோது பிரசன்னாவும் சிரித்தான். போட்டோ எடுத்து கிளப் பக்கத்தில் போட்டான். ஆனி பிறப்பதற்குள் வேப்பிலை வந்தது, எலுமிச்சை வந்தது, கண்ணாடி வளையல் வந்தது. திருவேற்காட்டுக்குப் போய்த் திரும்புகிற ஷேர் ஆட்டோக்கள் இங்கேயும் நின்று போயின.

மதி தன் வாயைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சேலை வேம்புலியம்மாளுடையது. ஆகவே கற்பூரம் காட்டுவதும் அவள்தான். ஊர்க்கோயிலில் தேர் நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் இதுவரை கால் வைக்காதவள் அவள். கால் வைக்க விடாதவர்களின் வீட்டுப் பெண்கள் இங்கே அவள் கையால் குங்குமம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். ஒரு கம்பத்தடியில்தான் அம்மாவுக்கு மனுஷ மரியாதை கிடைக்க வேண்டுமா என்று மதிக்கு எரிந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பேச்சு எழவில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை ஊர்க்கோயில் தர்மகர்த்தா நடேசன் நாலு பேரோடு கிளப் கொட்டகைக்கு வந்தார்.

"தம்பி, கொடி ஏறி, காப்பும் கட்டியாச்சி. இனிமே எறக்கக் கூடாது. எறக்குனா ஊருக்கு ஆவாது."

கிளப்பின் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் அது. ஊர்க்காரர்கள் ஆட்சேபித்தால் ஏரியை மறந்துவிட வேண்டியதுதான். பிரசன்னா எழுந்து நின்று கும்பிட்டான்.

"எறக்க மாட்டோமுங்க. உங்க நம்பிக்கை எங்களுக்கும் முக்கியம்."

அவர்கள் போனதும் மதி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணா இது? எப்பவும் பறந்துகினே கீற கொடி இன்னா சொல்லும்? காத்து அடிச்சாலும் செவப்பு, அடிக்காட்டியும் செவப்பு. அதுக்குக் கொடியே வேணாம்."

"லோக்கல் சென்டிமென்ட் மதி. நாமளும் இங்க பொழைக்கோணுமல்ல? குரூப்ல மெசேஜ் போட்டுக்கலாம். உன் விசில் இருக்குது."

"தண்ணி நடுவுல நிக்கிறவங்க கையில போனா இருக்கும்?"

"நான் ரெஸ்க்யூ போட்டுல இருக்கறனே. அண்ணனை நம்பு."

அவள் நம்பினாள். சிவப்பு மேலேயே கிடக்க, அதன் கீழ் தினமும் வகுப்புகள் நடந்தன. முதல் வாரம் மாணவர்கள் கொடியைக் காட்டிக் கேட்டார்கள். "அது சாமி கொடி, கண்டுக்காதீங்க" என்று பிரசன்னா சொன்னான். அதற்குப் பிறகு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆடி மூன்றாவது வாரச் சனிக்கிழமை பிற்பகல் காற்று நன்றாகவே இருந்தது. மதி கருவியைப் பார்த்துவிட்டுத்தான் மாணவர்களை இறக்கினாள். ஸ்வாதி எல்லோருக்கும் முன்னால் போனாள். எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. பெண், கற்றுக்கொள்ள ஆரம்பித்துக் கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது, ஆனால் தைரியசாலி. அக்கரைப் பக்கம், அடுக்குமாடி காற்றை மறைக்கும் இடத்தில் அவள் பாய் துவண்டது. விழுந்தவர்களைத் தூக்க வைத்திருக்கும் ரெஸ்க்யூ போட்டு ஏரியின் மறுமுனையில் இருந்தது. விளம்பரம் தர வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பிரசன்னா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

மேற்கே கறுத்தது. மதி வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"அண்ணா, மேக்கால கறுக்குது. போட்டைத் திருப்புங்க. ஸ்வாதி அந்தக் கோடியில நிக்கறாங்க."

"ரெண்டே நிமிஷம் மதி. லைட் அருமையா இருக்குது."

அவள் விசில் ஊதினாள். அருகில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தூரத்தில் இருந்த ஸ்வாதிக்கு விசில் கேட்கவில்லை. கரையைப் பார்த்தாள், மதி கையை வீசினாள், ஸ்வாதியும் சந்தோஷமாகக் கையை வீசினாள். கொடி எப்போதும்போல் சிவப்பாக இருந்தது. அதைவிடச் சிவப்பாக ஏற்றுவதற்கு உலகத்தில் எந்தக் கொடியும் இல்லை. மதி தன் பலகையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அவள் பாதித் தூரம் போவதற்குள் காற்று வந்து இறங்கியது. ஸ்வாதியின் பாய்மரம் சாய்ந்து தோளில் அடித்து, அவளைத் தண்ணீருக்குள் அழுத்தியது. மதி தன் பாயை விட்டுவிட்டு நீந்திப்போய், பாய்க்கு அடியில் சிக்கிக் கிடந்தவளை இழுத்து வெளியே எடுத்தாள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்ததில் மதியின் உதடு கிழிந்தது. அடிக்கிற மழையில் இரண்டு பேரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மழை ஓய்ந்த பிறகுதான் போட்டு வந்தது.

ஸ்வாதி பிழைத்தாள். காறை எலும்பு உடைந்திருந்தது, நுரையீரலில் தண்ணீர் போயிருந்தது. பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் அவள் கணவன் ராகேஷ் எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன, ராத்திரி முழுக்கத் தூங்காதவன். கேட்டது ஒரே கேள்வி. "புயல் மாதிரி காத்து வரும்போது என் வைஃபைத் தண்ணியில விட்டது யாரு?"

போட்டு எங்கே இருந்தது என்று பிரசன்னா சொல்லப்போகிறான் என்று மதி காத்திருந்தாள். அவள் அதை முந்திக்கொண்டு சொல்ல விரும்பவில்லை. அவனே சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தாள்.

பிரசன்னா போனை எடுத்து, நேற்றைய வீடியோவை நிறுத்தி, எஸ்.ஐ.யிடம் காட்டினான்.

"ரெட் ஃப்ளாக் பறந்துட்டுத்தானுங்க சார் இருந்துச்சு. பாருங்க, தெளிவா தெரியுது. ரெட் ஃப்ளாக்ல யாரையும் எறக்கக் கூடாதுங்கறது எங்க ரூல். போர்டே வெச்சிருக்கறோம். இன்ஸ்ட்ரக்டர்தான் மீறிட்டாங்க."

மதி என்று சொல்லவில்லை. இன்ஸ்ட்ரக்டர் என்றான். கிழிந்த உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

"அது சாமி கொடி சார்! ஆடி மாசம் பூரா எறக்கவே கூடாதுன்னு இவருதான் சொன்னாரு. அண்ணா, சொல்லுங்க அண்ணா!"

பிரசன்னா பொறுமையாக, வருத்தமாகக்கூட, எஸ்.ஐ. பக்கம் திரும்பினான். "நீங்களே விசாரிச்சுக்குங்க சார். கொடியைப் பாத்துக்கறவங்க அதோ இருக்கறாங்க."

கம்பத்தடியில் வேம்புலியம்மாள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் போலீஸ் கேள்வி கேட்பது தெரிந்து பயந்துபோயிருந்தவள், தன்னைக் கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏம்மா, நேத்து சாயங்காலம் இந்தச் செவப்புக் கொடி மேல இருந்துச்சா?"

கேட்டவர் போலீஸ்காரர். கேட்டது அம்மனின் கொடியைப் பற்றி. வேம்புலியம்மாளுக்குப் பயம் போய் முதுகு நிமிர்ந்தது.

"இன்னா சார் இப்டிக் கேட்டுட்ட? எங்க அம்மன் கொடி எறங்கவே எறங்காது சார். புயல் வந்தாலும் மேலதான் நிக்கும். நானே என் கண்ணால பாத்தேன்."

"செவப்புக் கொடின்னா இன்னாம்மா அர்த்தம்?" என்று எஸ்.ஐ. மதியைக் கேட்டார்.

மதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெருமையோடு நின்றிருந்தாள்.

"தண்ணில எறங்கக் கூடாதுன்னு அர்த்தம் சார்."

"அப்பறம் இன்னா? நீயே சொல்லிட்ட."

எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கொடி பறந்தது உண்மை, விதி உண்மை, அம்மா பார்த்தது உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவில் போட்டு எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை. மதி சொல்லிப் பார்த்தாள். "அதெல்லாம் அப்பறம் பாக்கலாம்மா" என்றார் எஸ்.ஐ. போட்டில் இருந்தவர்களைக் கேட்கச் சொன்னாள். விளம்பரக்காரர்கள் முந்தின இரவே ஊருக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் நடேசன் தீர்ப்பு சொன்னார். அம்மன் கொடி பறக்கும்போது தண்ணீரில் ஆளை இறக்கியது தெய்வக் குத்தம். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு அடிபட்டது. ஆடிக் கடைசி ஞாயிறு அன்று மதி பால்குடம் எடுத்துக் கொடியை வலம்வந்து ஊற்ற வேண்டும். தினமும் அதே கொடியின் கீழ்தான் ஆட்கள் இறங்கினார்கள், அப்போதெல்லாம் அம்மன் எங்கே போயிருந்தாள் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் நாதியில்லை. பிரசன்னா மதியைத் தனியே கூப்பிட்டான்.

"ராகேஷ் கேஸ் வேண்டாம்னு எறங்கி வர்றாரு. தப்புப் பண்ணவங்க ஒத்துக்கிட்டாப் போதும்னு சொல்றாரு. நீ பாலை ஊத்திரு. ஊரும் அடங்கிரும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி வந்து சேந்துக்க."

"போட்டு எங்க இருந்துச்சின்னு நீ ஏன் சொல்லல?"

முதல் தடவையாக அவள் அவனை நீ என்றாள். அவன் அதைக் கவனித்தான்.

"அதச் சொன்னா கிளப்பே இருக்காது மதி. உனக்கு ஏரியும் இருக்காது. யோசி. ஒரு கொடம் பால்தான."

"காத்துக்குச் சாதி கெடையாதுன்னு சொன்ன. பழியைப் போட மட்டும் எங்க தெருதான் கெடச்சிச்சா?"

அவனுக்குப் போன் வந்தது, எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

வீட்டில் அம்மா அழுதாள். "ஊத்திடுடி கண்ணு. வேல போனா இன்னா பண்ணுவ? மறுபடியும் துணிக்கடையா?"

"ஊத்தினா நான்தான் அவங்களைச் சாவடிக்கப் பாத்தேன்னு ஆயிடும்மா. நான் முங்கித் தூக்குனேன். நீ நம்புறியா இல்லியா?"

"நம்பாம இன்னா? ஆனா ஊருன்னு ஒண்ணு கீதே."

"ஊத்த மாட்டேன். நீயும் அதப் பத்திப் பேசாத."

அந்த வாரம் முழுக்க அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேளச்சத்தம் வீடுவரை கேட்டது. மதி கரைக்குப் போனாள். கொடியை இறக்குவது என்று முடிவுசெய்திருந்தாள். எல்லோர் முன்னாலும் இறக்கி, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவது. காற்று சுத்தமாக இல்லை. ஏரி தகடுபோல் கிடந்தது. சிவப்பு இறங்க வேண்டிய நேரம்தான்.

கூட்டத்தை விலக்கிப் போனவள் நின்றுவிட்டாள். தலையில் தண்ணீர் ஊற்றிய ஈரச் சேலையோடு, பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது வேம்புலியம்மாள். செருப்பைக் கழற்றிவிட்டு பிரசன்னா கைகூப்பி நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ராகேஷ். அம்மா குடத்தைச் சாய்த்தாள். பால் கம்பத்தில் வழிந்து மஞ்சளோடு கலந்து ஓடியது.

"பெத்தவளே பொண்ணோட குத்தத்த ஏத்துக்கினா. அம்மன் மன்னிச்சிட்டா," என்று நடேசன் உரக்கச் சொன்னார். ராகேஷ் தலையாட்டினான். பிரசன்னா அவன் தோளைத் தொட்டான்.

மதி கம்பத்தருகே போய்க் கயிற்றைப் பிடித்தாள். முடிச்சு அசையவில்லை. வேண்டுதல் நூல்களும் வளையல்களும் அதன்மேல் இறுகிப்போயிருந்தன.

"கைய எடு மதி," அம்மா பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லிட்டிருந்தன. "அதான் நான் ஊத்திட்டேன்ல. எல்லாம் முடிஞ்சி போச்சி. உன்ன இனிமே யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கம்மா. நான்தான் தப்பு பண்ணேன்னு நீயே சொல்லிட்டியே."

"நான் எங்கடி சொன்னேன்? பால்தான் ஊத்தினேன்."

மதி கயிற்றை விட்டாள். தன் துப்பட்டாவை எடுத்து அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டி, தோளில் போர்த்திவிட்டாள். பிறகு கரையோடு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

மேளம் நின்றபோது, கொட்டகைக்கு முன்னால் பிரசன்னா புதிய மாணவர்களை வரிசையில் நிறுத்தி லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் தலைக்குமேல் சிவப்புக் கொடி அசையாமல் தொங்கியது. ஒவ்வொருவராகப் பலகையைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள்.